சாம்பல் கல் மதிவதனி

களம்பூர் ரைஸ் மில்களில் நெல் அவிக்கிற பாய்லருக்கு உமிதான் தீனி. மதிவதனியின் அப்பா குப்புராஜ் அந்தப் பாய்லர் ஒன்றின் வாயில் உமி தள்ளியே வயசான ஆள். உமி எரிந்து முடிந்தால் சாம்பல். அதை டிராக்டரில் அள்ளிக்கொண்டு போய் ஏரிக்கரையில் கொட்டிவிடுவார்கள். ஏரிக்கரைக்கு இந்தப் பக்கம்தான் அவர்கள் குடியிருந்த காலனி. ஆடி மாதக் காற்றில் கொடியில் போட்ட துணி காய்வதற்குள் கறுத்துப்போகும். சோற்றை மூடி வைத்தாலும் பல்லில் நறநறவென்று கடிபடும். யாரும் பெரிதாகச் சண்டைக்குப் போனதில்லை. காலனியில் பாதிப் பேருக்கு அந்த மில்களில்தான் கூலி.

மதிவதனி பாலிடெக்னிக்கில் சிவில் படித்தாள். ஆரணியில் வீட்டு பிளான் போட்டு அப்ரூவல் வாங்கித் தரும் ஒரு ஆபீசில் வேலை கிடைத்தது. கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து, அப்பாவுக்கு நெஞ்சுச் சளி முற்றியதாலும் தம்பி தென்னரசு படித்துக்கொண்டிருந்ததாலும் தள்ளிப்போனது. அம்மா பாஞ்சாலை முதலில் போய்ச் சேர்ந்தாள், பிறகு அப்பா. தென்னரசுக்கு சென்னையில் வேலை, அங்கேயே கல்யாணம். அதன் பிறகு அவளுக்குக் கல்யாணம் பேச வீட்டில் ஆளில்லாமல் போயிற்று. தனக்குத் தானே போய்ப் பேசிக்கொள்ளும் காரியமாக அது அவளுக்குத் தோன்றவில்லை.

ஆரணி கொசப்பாளையத்தில் தெய்வநாயகி என்ற அம்மாள் வீட்டின் பின்போர்ஷனில் வாடகைக்கு இருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அந்த அம்மாளின் பட்டுத்தறி. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அந்தச் சத்தம் இருக்கும். சமைக்கும்போதும் சாப்பிடும்போதும் யாரோ கூடவே இருப்பதுபோல ஒரு நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை தறி நின்றால் அவளுக்குச் சோறு இறங்காது.

சாம்பல் கல் யோசனை வீடு கட்டுகிற ஒரு சைட்டில் வந்தது. அனல்மின் நிலையத்துச் சாம்பலில் செய்த கற்கள் எங்கோ தொலைவிலிருந்து லாரியில் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஓட்டுநர் ராத்திரி முழுக்க ஓட்டிவந்ததாகச் சொன்னார். அவ்வளவு தூரத்துச் சாம்பல் இங்கே சுவராகிறது, நம் ஊர்ச் சாம்பல் ஏரிக்கரையில் கிடக்கிறது என்று மதிவதனிக்குப் பட்டது. அந்த எண்ணம் அவளை விடவில்லை. பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போய் வந்தாள். அப்பா விட்டுப்போன சொற்பத்தையும் பாங்க் கடனையும் சேர்த்து, களம்பூர் ரோட்டோரம் இடம் பிடித்து, தகரக் கொட்டகை போட்டு, சாம்பல் அரைக்கிற உருளையும் கல் போடுகிற மெஷினும் வாங்கினாள்.

முதல் ஈடு கற்கள் கையில் எடுத்தவுடன் உதிர்ந்தன. கன்னங்கரேலென்ற சாம்பலை எடுத்ததுதான் காரணம். அதில் பாதி எரியாத கரி. நன்றாக எரிந்த பழுப்புச் சாம்பலை மட்டும் பொறுக்கி, மாவுபோல அரைத்து, சிமெண்டில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் இதைச் சேர்த்தாள். அது கெட்டிப்பட நாள் பிடிக்கும். ஈரம் காயாமல் கூடுதலாகத் தண்ணீர் காட்ட வேண்டும். பொறுத்தால் கல் உளிக்கே வேலை வைக்கும்.

மேஸ்திரிகள் சந்தேகமாகப் பார்ப்பார்கள். அவர்களிடம் அவள் ஒரே மாதிரிதான் பேசுவாள்.

"ஒரு மூட்டை சிமெண்டு வர்றதுக்கு எங்கியோ ஒரு மலைய வெட்டி, கரியப் போட்டு எரிச்சிகினு இருக்காங்க, மேஸ்திரி. அந்தப் புகையெல்லாம் யாரு தலையில எறங்குது? நாம இங்க உமிய ஏற்கனவே எரிச்சாச்சு. சும்மா கெடக்குது. அத்த எடுத்துப் போட்டா இன்னா கெட்டுப்போவுது?"

புகையைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. விலை குறைவு என்பதைத்தான் கேட்டார்கள். அது போதுமாயிருந்தது. முதலில் காம்பவுண்டுச் சுவருக்கு வாங்கினார்கள், பிறகு மாட்டுக் கொட்டகைக்கு, பிறகு வீடுகளுக்கும். மூன்று பெண்கள் கொட்டகையில் வேலைக்கு வந்தார்கள். ஏரிக்கரைக்குப் போகிற டிராக்டர்களில் பாதி அவள் கொட்டகைப் பக்கம் திரும்பியது. அந்த வருஷம் மதிவதனி ஆபீஸ் வேலையை விட்டாள்.

சக்கரவர்த்தி ஆரணியில் பெயர் சொன்னால் தெரிகிற பட்டு வியாபாரி. அவர் வீட்டுக்கு மேல்மாடி எழுப்பினார். கட்டினவர் எல்லப்பன் மேஸ்திரி. மதிவதனியிடம்தான் கல் வாங்கினார், கான்கிரீட்டில் கலக்க அரைத்த சாம்பலும் மூட்டைக் கணக்கில் வாங்கினார். அவரை நம்பித்தான் ஊரில் மற்ற மேஸ்திரிகளும் அவளிடம் வந்தார்கள்.

மாடி முடிந்து சுண்ணாம்பு அடிக்கிற சமயத்தில், பட்டப்பகலில், தெருப்பக்க ஜன்னலுக்கு மேலிருந்த சன்ஷேடு அப்படியே ஒடிந்து விழுந்தது. சக்கரவர்த்தியின் மனைவி அதற்கு நேர் கீழே வத்தல் காயப்போட்டுவிட்டு அப்போதுதான் உள்ளே போயிருந்தாள். வத்தலும் முறமும் நசுங்கின. மனிதருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தெருவே கூடிவிட்டது.

மதிவதனி போய்ச் சேர்ந்தபோது எல்லப்பன் மேஸ்திரி இடிபாட்டின் பக்கத்தில் குந்தியிருந்தார். கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்: "சாம்பல் கலந்தா இப்படித்தான் ஆவும். சாம்பல்ல வூடு நிக்குமா?" அதற்குள் அது முடிவாகிவிட்டிருந்தது.

அவள் குனிந்து ஒடிந்த முனையைப் பார்த்தாள். கான்கிரீட் கெட்டியாக இருந்தது. கம்பிகள்தான் தப்பான இடத்தில் இருந்தன. சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பலகைக்குக் கம்பி மேல்மட்டத்தில் இருக்க வேண்டும். அதுதான் இழுத்துப் பிடிக்கும். இங்கே கம்பியெல்லாம் அடிமட்டத்தில் படுத்திருந்தது. கான்கிரீட் போட்ட அன்று ஆட்கள் கம்பி மேலேயே மிதித்து நடந்திருக்கிறார்கள். அமுங்கிப்போனதை மேஸ்திரி தூக்கிவிடவில்லை. சாம்பல் இல்லாமல் முழுக்க முழுக்கச் சிமெண்ட் போட்டிருந்தாலும் அது விழுந்துதான் இருக்கும்.

அவள் பார்த்ததை எல்லப்பனும் பார்த்துவிட்டார். எழுந்து வந்து, பக்கத்துச் சந்துக்கு அவளைக் கூப்பிட்டார். அதுவரை அவளை "மேடம்" என்றுதான் கூப்பிட்டவர்.

"தங்கச்சி, வாய தொறந்துடாதம்மா. ஒன் கால்ல உய்றன்."

"மேஸ்திரி, கம்பி அடியில கெடக்குது. நீங்களே பாத்தீங்க இல்ல?"

"பாத்தன். தப்புதான். நான் அன்னிக்கு வேற சைட்டுக்குப் போய்ட்டன், பசங்க மிதிச்சிட்டானுங்க. இது வெளிய தெரிஞ்சா எனக்கு இந்த ஊர்ல ஒரு செங்கல்லு எடுத்து வெக்கக் கூப்ட மாட்டாங்க. மூணு புள்ளைங்க தங்கச்சி. பெரியவளுக்கு இப்பத்தான் மாப்ள பாத்துகினு கீறோம்."

"அப்ப எனக்கு?"

எல்லப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒனக்கு யாரு கீறாங்க? நீ ஒண்டி ஆளு. எப்டியும் பொழச்சிக்குவ."

அவர் மனசில் விஷம் வைத்துச் சொன்னதில்லை அது. மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரி, கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னார். மதிவதனி சந்திலிருந்து வெளியே வந்தாள். சக்கரவர்த்தி வாசலில் நின்றிருந்தார்.

"இன்னாம்மா இது? ஒன்ன நம்பித்தான வாங்குனோம்?"

கம்பி என்று ஒரு வார்த்தை அவள் நாக்கு வரைக்கும் வந்தது. எல்லப்பனின் மனைவி கற்பகம், செய்தி கேட்டு ஓடிவந்தவள், கூட்டத்துக்குப் பின்னால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். மதிவதனி அவளைப் பார்த்தாள். பிறகு, "மன்னிச்சுக்குங்க ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஏன் அப்படிச் செய்தோம் என்று பின்னால் பலமுறை யோசித்திருக்கிறாள். இரக்கம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் உண்மை வேறு. நாம் இருந்தாலும் போனாலும் யாருக்கும் ஒன்றும் குறையாது என்று அவளுக்குள்ளேயே ஒரு எண்ணம் ரொம்ப நாளாக இருந்தது. எல்லப்பன் அதை வாய்விட்டுச் சொன்னதும், மறுக்க அவளிடம் ஒன்றுமில்லை.

ஊர்ப் பேச்சுக்குக் கால் முளைக்க நேரமாகவில்லை. போளூர் வரைக்கும் போயிற்று. "சுடுகாட்டுச் சாம்பலையும் கலக்குறாளாம்" என்று ஒருத்தர் சேர்த்தார். கொடுத்த ஆர்டரை எல்லோரும் ரத்து செய்தார்கள். வேலைக்கு வந்த பெண்களில் இருவர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாமவள் சில நாள் சும்மா வந்து உட்கார்ந்துவிட்டு, அவளும் நின்றுவிட்டாள். சாம்பல் டிராக்டர்கள் மறுபடி ஏரிக்கரைக்கே போயின.

வாடகை கட்ட முடியாமல் கொசப்பாளையம் போர்ஷனைக் காலி செய்தாள். தெய்வநாயகி அம்மாள், "இருந்துட்டுப் போயேன், அப்புறம் குடு" என்றாள். மதிவதனிக்கு அது பிடிக்கவில்லை. விற்காமல் கிடந்த கற்களைக் கொண்டு கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு அறை கட்டிக்கொண்டாள். கொத்தனார் வேலையைப் பார்த்துப் பார்த்துப் பழக்கம். தூக்குநூல் விட்டு அவளே கட்டினாள். கூரைக்கு மட்டும் தூரத்து ஊரிலிருந்து ஆள் வரவழைத்தாள். கம்பி இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று கூடவே நின்று பார்த்தாள். காசில்லாததால் சுவருக்குப் பூச்சு பூசவில்லை. பழுப்பும் கறுப்புமாக அந்தக் கற்கள் அப்படியே தெரிந்தன.

அங்கே தறிச் சத்தம் கிடையாது. முதல் சில மாதம் அதுதான் அவளை வாட்டியது. ரோட்டில் நெல் லாரி போகும், அதன் பிறகு வெறிச்சென்றாகிவிடும். டி.வி. வாங்கிப் போட்டுப் பார்த்தாள். அதில் எல்லோரும் யாரோ ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். அணைத்துவிட்டாள். தன்னையறியாமல் கற்களிடம் பேச ஆரம்பித்தாள். தண்ணீர் பாய்ச்சும்போது, "இரு, இரு, ஒனக்குந்தான்" என்பாள். ஒரு நாள் உரக்கச் சொல்லிவிட்டுத் திரும்பினால் ரோட்டில் ஆடு மேய்க்கிறவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் மெதுவாகப் பேசினாள்.

பிழைப்பு அடியோடு நின்றுவிடவில்லை. கேள்வி கேட்காத சில வாடிக்கைகள் உண்டு. கழிப்பறை கட்டுகிறவர்கள், பன்றிக் கொட்டகை போடுகிறவர்கள், தேசூர் பக்கம் ஒரு பஞ்சாயத்துச் சுடுகாட்டுக்குச் சுற்றுச்சுவர். மனுஷர் குடியிருக்கிற வீட்டுக்கு மட்டும் யாரும் வாங்கவில்லை. அந்தக் கற்களுக்குள் குடியிருந்த ஒரே மனுஷி அவள்தான்.

தென்னரசு போனில் கூப்பிடுவான். "அக்கா, எதுக்கு அங்க கெடக்குற? மெஷின வித்துட்டு இங்க வந்துடு. கொழந்தைங்களப் பாத்துக்கலாம் இல்ல?"

"பாக்கலாம்டா."

"எப்பக் கேட்டாலும் பாக்கலாங்கற."

ஒரு பொங்கலுக்குப் போனாள். நன்றாகத்தான் கவனித்தார்கள். ஆனால் தம்பி மனைவி பவித்ரா ஒவ்வொரு முறையும் அவளுக்கு இடம் விடுவதற்காக எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் கற்களுக்குத் தண்ணீர் விட ஆளில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள்.

கொரோனா வந்து போய், சிமெண்ட் விலை ஏறிய காலத்தில், ஒரு காலையில் கொட்டகை முன்னால் டிராக்டர் ஒன்று நின்றது. எல்லப்பன் மேஸ்திரி இறங்கினார். தலை நரைத்திருந்தது.

"கல்லு வேணும், மேடம்" என்றார்.

மதிவதனி கையிலிருந்த தண்ணீர்க் குழாயை மடக்கிப் பிடித்தாள். "யாருக்கு?"

"எனக்குத்தான். பெரியவளுக்கு ஒரு வூடு கட்டிக் குடுக்கணும். வேற கல்லுக்கெல்லாம் வெல கட்டல."

"சாம்பல் கல்லு வூடு நிக்குமா, மேஸ்திரி?"

எல்லப்பன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அடுக்கியிருந்த கல்லில் ஒன்றை எடுத்து விரலால் சுண்டினார். கணீரென்றது. "நிக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்றார்.

ஆரணி முழுக்கத் தேடினாலும் அவள் கல்லை மனசார நம்புகிற ஒரே ஆள் இவர்தான் என்று அப்போது அவளுக்குப் புரிந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. குழாயை விட்டுவிட்டாள், தண்ணீர் காலடியில் ஓடிற்று.

"எடுத்துக்குங்க. எல்லாருக்கும் குடுக்கிற வெலதான். ஆனா ஒண்ணு."

"சொல்லு தங்கச்சி." அவருக்கு அந்த வார்த்தை மறுபடி வந்துவிட்டது.

"புதுமனைக்கு என்னக் கூப்டணும். பத்திரிக வெச்சு, வூட்டுக்கு வந்து கூப்டணும். நீங்களும் ஒங்க வூட்டம்மாவும்."

எல்லப்பன் பெரிதாக எதையோ எதிர்பார்த்திருந்தார் போலிருக்கிறது. "அவ்ளோதானா?" என்றார்.

"அவ்ளோதான்."

அவர்கள் வந்தார்கள். கற்பகம் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பூ, பழத்தோடு வந்து, பூசாத அந்த அறைக்குள் உட்கார்ந்து பத்திரிகையை நீட்டினாள். அந்த அறைக்கு விருந்தாளி என்று வந்த முதல் ஆட்கள் அவர்கள்தான். கிளம்பும்போது கற்பகம் மதிவதனியின் இரண்டு கையையும் பிடித்து ஒரு நிமிஷம் வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

மதிவதனி பட்டு நெய்கிற ஊரில் அத்தனை வருஷம் இருந்தும் அதுவரை பட்டுப் புடவை கட்டினதில்லை. கட்டிக்கொண்டு போக இடமிருந்ததில்லை. தெய்வநாயகி அம்மாள் வீட்டுக்குப் போய், அரக்குக் கரை வைத்த நீலப் புடவை ஒன்றைத் தவணை சொல்லி வாங்கினாள்.

புதுமனையில் கூட்டம் இருந்தது. அவளை அடையாளம் கண்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்சுவர் பூசி வர்ணம் அடித்திருந்தது. பின்பக்கச் சுவர் இன்னும் பூசாமல் இருந்தது. அங்கே நாலைந்து மேஸ்திரிகள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இது இன்னா கல்லு எல்லப்பா?"

எல்லப்பன் மதிவதனியைப் பார்த்தார். அவள் தள்ளி, துளசிச் செடியருகில் நின்றிருந்தாள்.

"சாம்பல் கல்லுதான்" என்றார்.

"நெசமாவா? அப்ப அந்த சன்ஷேடு..."

அடுத்த வார்த்தைக்காக மதிவதனி காத்து நின்றாள். எல்லப்பனின் வாய் திறந்தது. மாப்பிள்ளை வீட்டார் பக்கம் ஒரு முறை பார்த்தார். பின் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "எல போட்டாச்சு, மொதல்ல சாப்டப் போங்க" என்றார்.

மேஸ்திரிகள் உடனே நகரவில்லை. சுவரைப் பார்த்தார்கள், எல்லப்பனைப் பார்த்தார்கள். கட்டட வேலையில் தலை நரைத்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. சன்ஷேடு எதனால் விழும் என்று அவர்களுக்கும் தெரியும். ஒருத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு எல்லோரும் பந்திக்குப் போனார்கள்.

மதிவதனியைக் கற்பகம் தன் பக்கத்தில் உட்காரவைத்து, பரிமாறுகிறவர்களிடம் அவளைக் கவனிக்கச் சொன்னாள். பாயசம் இரண்டு முறை வந்தது. வீடு திரும்பி, புடவையை மடித்து வைக்கும்போது, சாப்பாட்டில் என்னென்ன இருந்தது என்று அவளால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. அந்தச் சொல்லப்படாத வாக்கியம் மட்டும் காதில் இருந்தது.

ஆனாலும் அந்த மாதத்திலேயே ஒரு மேஸ்திரி வந்தார், அடுத்து இன்னொருவர். "எல்லப்பன் தம் பொண்ணுக்கே இதுலதான் கட்டிக் குடுத்துக்கிறாரு" என்றுதான் எல்லோரும் பேச்சைத் தொடங்கினார்கள். யாரும் பழசைப் பற்றிக் கேட்கவில்லை, மன்னிப்பும் சொல்லவில்லை. ஊர் எப்படிச் சத்தமில்லாமல் விலகிப் போயிற்றோ அப்படியே சத்தமில்லாமல் திரும்பி வந்தது. சக்கரவர்த்தி மட்டும் கடைசிவரை வரவில்லை. இப்போது மறுபடி நாலு பேர் வேலைக்கு வருகிறார்கள். மில்காரர்கள் போன் செய்து, "சாம்பல ஏத்தி எப்பம்மா வண்டி அனுப்பறது?" என்று கேட்கிறார்கள். ஏரிக்கரை மேட்டில் புல் முளைத்திருக்கிறது.

ஐந்து மணிக்கு வேலை ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். அவர்களுக்கு வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கும். அதன் பிறகு பழையபடி அவளும் கற்களும்தான். பெயர் திரும்பி வந்ததே தவிர, பேச்சுத்துணை வரவில்லை. இரண்டும் ஒன்றாகத்தான் வரும் என்று அவள் அத்தனை நாளும் நம்பியிருந்தாள்.

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம், பேய்மழையில் போளூர் பஸ் ஒன்று டயர் வெடித்துக் கொட்டகைக்கு எதிரில் நின்றுவிட்டது. பயணிகள் பைகளைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். கொட்டகைக்குள் சாரல் அடித்ததால் மதிவதனி அறைக் கதவைத் திறந்துவிட்டாள். பத்துப் பன்னிரண்டு பேர் உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு கைக்குழந்தை அழுதது. யாரோ முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து எல்லோருக்கும் நீட்டினார்கள். கல்லூரிப் பெண்கள் எதற்கோ சிரித்துக்கொண்டே இருந்தார்கள். மதிவதனி இருந்த பாலையெல்லாம் ஊற்றி டீ போட்டாள். டம்ளர் போதவில்லை, குடித்தவர்கள் கழுவிக் கழுவி அடுத்தவருக்குக் கொடுத்தார்கள்.

சுவரில் சாய்ந்து நின்ற ஒரு அம்மாள் கேட்டாள்: "உள்ள ஜம்முனு கீதே, ஈரமே எறங்கல. ஒண்டியாவாமா கீற?"

"ஆமாங்க."

"பேஜாரா இல்ல?"

மதிவதனி டீயை ஆற்றிக்கொண்டே, "இருக்கும்" என்றாள். அந்த அம்மாள் தலையாட்டிவிட்டுத் தன் மருமகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். மதிவதனி உம் கொட்டிக்கொண்டிருந்தாள்.

டயர் மாற்றினதும் கண்டக்டர் விசிலடித்தார். "ஜல்தி, ஜல்தி!" ஆளாளுக்கு, "வர்றங்க", "ரொம்ப தாங்க்ஸ் கா" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்கள். பஸ்ஸின் பின்விளக்கு மழையில் கரைந்து மறையும்வரை அவள் வாசலில் நின்றாள்.

உள்ளே தரை முழுக்கச் சேற்றுக் கால்தடம். பெரிய செருப்பு, சின்னச் செருப்பு, வெறுங்கால். மதிவதனி துடைப்பத்தையும் வாளியையும் எடுத்தாள். கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு இரண்டையும் மூலையில் வைத்துவிட்டு, அடுப்பில் உலை வைத்தாள். காலையில் கழுவிக்கொள்ளலாம்.